அம்மாவின் பேரை எடுத்த வருசம்

எங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தில் மூன்று பேருடைய பேர் இருந்தது. அம்மா, நான், தம்பி. ஸ்காபரோவில், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோட்டு நிற்கிற சின்ன வீடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கினது. அம்மா கனடாவுக்கு வரும்போது தன் பேரில் இருந்த தோட்டக் காணியை விற்றுப்போட்டு வந்தவ. அந்தக் காசு இல்லாவிட்டால் வங்கிக்காரன் எங்களைக் கதிரையில் இருத்தியே இருக்க மாட்டான். ஆகவே, "அம்மாவின்ரை பேரை முதலாவதாய்ப் போடுங்கோ" என்று நானும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். அம்மா வெட்கப்பட்டு, "எனக்கெதுக்கடா இந்த வயசிலை" என்றா. அந்த நேரத்தில் எங்களைக் கண்டிருந்தால் எந்தச் சுவாமியும் தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்கிற நாலாம் கட்டளைக்கு எங்களைத்தான் பிரசங்கத்தில் உதாரணம் காட்டியிருப்பார். அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

இரண்டு வருசத்தில் தம்பி கலியாணம் கட்டி, மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்தில் தனி வீடு வாங்கிக்கொண்டு போனான். இரண்டு கார் விடுகிற கராஜ், வாசலில் இரண்டு தூண். அந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவனுடைய பேர் எங்கள் உறுதியில் இருந்தபடி இருந்தது. வீட்டில் நானும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அம்மாவும். நான் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை. மனைவி பாண் போடுகிற பேக்கரித் தொழிற்சாலையில். பின்னேரம் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு அம்மா செபமாலை தொடங்குவா. பிள்ளைகள் இங்கிலிசில் கொட்டாவி விட்டுக்கொண்டு தமிழில் பதில் சொல்வார்கள்.

எங்கள் குடும்பத்தில் சட்டம் படித்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆண்டவர் எங்களுக்கு லண்டனில் ஓர் அத்தானைத் தந்திருந்தார். என் அக்காவின் புருசன். பெற்றோல் ஸ்ரேஷனில் கண்ணாடிக்கு உள்ளே இருந்து காசு வாங்குகிற வேலை. பெற்றோல் அடிக்க வருகிற டாக்குத்தர், லோயர், பொலிஸ் எல்லாரிடமும் ஒவ்வொரு வசனமாய்ப் பொறுக்கிப் பொறுக்கி அவர் ஒரு பல்கலைக்கழகமாகவே ஆகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாங்கள் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து அவருடைய போன் வரும். நாங்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்.

ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடக் குனிந்த அம்மா அப்படியே சரிந்து போனா. பாரிசவாதம். இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் இழுத்தது, ஆனால் புத்தி ஒரு துளியும் இழுக்கவில்லை. அதை நாங்கள்தான் கவனிக்கத் தவறினோம்.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்பிள்ளை என்னைக் கூப்பிட்டு இருத்தினாள். குடும்பங்களோடு கதைக்கிறதுதான் அவளுடைய வேலையாம். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், அம்மாவைத் தூக்கிப் பார்க்க ஆள் வேணும், நேர்சிங் ஹோமுக்குப் பேரைப் பதிந்து வையுங்கள், இடம் கிடைக்கக் கன மாதம் செல்லும், வீட்டுக்கு ஒரு ஆள் வந்து விண்ணப்பம் நிரப்பும் என்று ஆறுதலாய்ச் சொன்னாள். கடைசியில், "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. 'வீட்டை எடுப்பீர்களா?' என்ற ஒரே ஒரு கேள்வி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நோ குவெஸ்சன், தாங்யூ" என்றேன்.

நாங்கள் அரசாங்கத்திடம் கேள்வி கேட்டு வளர்ந்த சனம் இல்லை. ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கேள்வி கேட்டவனுடைய கடதாசி அடுக்கின் அடிக்குப் போகும். சோதனைச் சாவடியில் கேள்வி கேட்டவனுக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே அகதி விசாரணைக்குப் போனபோதும் மொழிபெயர்க்க வந்தவர் முதலில் சொல்லித் தந்தது, "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ, நீங்கள் ஒண்டும் கேக்காதேங்கோ" என்றுதான். ஆக, விசயம் தெரிந்த ஆள் முன்னால் இருந்து, தன் வாயாலேயே கேள் என்று சொன்னபோதும் நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதிப்போடுவாள். எழுதினால் கோப்பு. கோப்பு என்றால் வீடு போகும். வீட்டுக்கு வந்து கடலுக்கு அப்பால் பெற்றோல் அடிக்கிற இடத்துக்குப் போன் எடுத்தேன். அங்கேதான் கனடாச் சட்டம் தெரிந்த ஆள் இருந்தார்.

"தம்பி, உறுதியிலை மாமியின்ரை பேர் கிடக்கோ?" என்றார் அத்தான்.

"ஓம் அத்தான். முதலாவதாய்க் கிடக்கு."

போனுக்குள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

"வீடு போச்சு."

"என்ன அத்தான் சொல்லுறியள்?"

"போச்செண்டு சொல்லுறன். எங்கடை தெருவிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கொண்டு போய் ஹோமிலை விட்டவை. பராமரிக்கிற காசுக்கெண்டு வீட்டை விக்கப் பண்ணிப்போட்டான் கவுன்சில்காரன். மகன்காரன் இப்ப வாடகை வீட்டிலை. கண்ணாலை கண்டனான்."

"கனடாவிலையும் அப்பிடித்தானோ?"

"உதென்ன கேள்வி? அங்கையும் இஞ்சையும் ஒரே மகாராணிதானேயடா!"

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? காசிலேயும் முத்திரையிலேயும் அவவின் முகம்தானே கிடக்கிறது.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாடி ஏற ஏலாது என்றபடியால் முன்னறையில் கிடந்த சோபா செற்றியைத் தூக்கிப் பேஸ்மென்ற்றில் போட்டுவிட்டு, யன்னலோரம் கட்டில் போட்டுத் திரை கட்டினோம். அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று குசினியில் கூடினோம். திரைக்கும் குசினிக்கும் இடையில் பத்தடி. அத்தானை ஸ்பீக்கரில் போட்டோம். அத்தான் மெல்லக் கதைக்கத் தெரியாத மனிசர். லண்டனிலிருந்து போன் இல்லாமலே கேட்கிற அளவுக்குக் கத்துவார். அவ்வளவு இரகசியமாக அந்தக் கூட்டம் நடந்தது.

"பேரை எடுக்க வேணும்," என்றார் அத்தான். "ஹோமிலை போய்ப் படுக்க முதல் எடுக்க வேணும். பிறகு எடுத்தா ஏன் எடுத்தனி எண்டு கேப்பான்."

தம்பி உடனே, "நானும் அதைத்தான் நினைச்சனான் அண்ணை. உங்கடை பேரும் என்ரை பேரும் மட்டும் காணும். எல்லாம் அம்மாவின்ரை நன்மைக்குத்தானே" என்றான்.

மனைவி கறிச்சட்டியைக் கிளறியபடி, "உந்த ஆஸ்பத்திரிப் பிள்ளையை ஒருக்காக் கேட்டா என்ன? நல்லாய்க் கதைச்சவள் எண்டு சொன்னியள்" என்றாள்.

நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் சிரித்தோம். இரண்டு பேர் குசினிக்குள், ஒருவர் ஸ்பீக்கருக்குள். "அண்ணி, கள்ளன் வாறானோ எண்டு பொலிசிட்டைக் கேக்கலாம். பொலிஸ் வாறானோ எண்டு பொலிசிட்டைக் கேக்கலாமோ?" என்றான் தம்பி. எனக்கு அது பெரிய புத்தியான பேச்சாகத்தான் பட்டது. மனைவி சட்டியை மூடிவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பின்னேரம் செபமாலை முடிந்த கையோடு, கையில் செபமாலை சூடு ஆறாமல் கிடக்கிற நேரம் பார்த்து, நான் அம்மாவின் கட்டிலில் இருந்தேன்.

"அம்மா, உறுதியிலை ஒரு சின்ன மாத்தம் செய்ய வேணும். உங்கடை பேரை எடுத்து எங்கடை பேரிலை மட்டும் எழுதுறது. வரிக் கரைச்சல் ஒண்டு கிடக்கு."

வரிக் கரைச்சல் என்பது நான் அந்த நிமிடத்தில் பெற்றெடுத்த பிள்ளை.

அம்மா இழுத்து இழுத்துக் கேட்டா. "சீவிய உருத்து வைச்சுத்தானே எழுதுறியள்?"

எங்கள் ஊரில் பெட்டைக்கு வீட்டைச் சீதனமாய் எழுதிக் குடுக்கிறபோது, தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்க உரிமை உண்டு, அதுவரை அதை ஒருவரும் விற்க ஏலாது என்று உறுதியில் ஒரு வரி சேர்ப்பார்கள். அதுதான் சீவிய உருத்து. வீடு மகளுக்கு, அடுப்படி தாய்க்கு. அம்மா தன் சீதன வீட்டை அக்காவுக்கு எழுதினதும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனுசி. ஆனால் உறுதி விசயத்தில், அதை எழுதுகிற நொத்தாரிசே அவவிடம் படிக்கலாம்.

அந்த வரியை மட்டும் வைக்கக் கூடாது என்று அத்தான் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார். "ஒரு நூல் விட்டாலும் அந்த நூலைப் பிடிச்சு இழுப்பான்."

"இஞ்சை அப்பிடி ஒரு முறை இல்லை அம்மா," என்றேன். வாயில் செபத்தின் ஈரம் காயவில்லை.

"இல்லையோ?"

"இல்லை."

"அப்ப சரி," என்றா அம்மா.

கடைத்தொகுதி ஒன்றின் மாடியில் ஒரு வெள்ளைக்கார லோயர். அவரிடம் ஒரு தமிழ்ப் பெட்டை வேலை செய்தாள். எங்கள் ஆட்கள் பேசுவதை இங்கிலிசாக்கி, அவர் பேசுவதைத் தமிழாக்கிக் குடுக்கிறது அவளுடைய வேலை. ஏன் பேரை எடுக்கிறீர்கள் என்று லோயர் கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே விசயம் முடிந்திருக்கும். ஆனால் லோயரும் ஒரு வகையில் அரசாங்கம்தானே. "அன்பு காரணமாய்" என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு என்னையும் தம்பியையும் வெளியில் போய் இருக்கச் சொன்னார். அம்மாவோடு தனியாகக் கதைக்க வேணுமாம்.

வெளியில் இருந்து நான் செபமாலை சொன்னேன். அம்மா கண்டபடி கேள்வி கேட்காமல் கையெழுத்து வைக்க வேணும் என்று, அந்தக் கருத்துக்காக. ஒரு தாயிடமிருந்து வீட்டை எடுக்க இன்னொரு தாயிடம் உதவி கேட்ட மனிசன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாதா எத்தனை விதமான விண்ணப்பத்தைக் கேட்கிறா பாருங்கள்.

பத்து நிமிடத்தில் அம்மாவின் சில்லுக்கதிரையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெட்டை வந்தாள். எல்லாம் முடிந்தது என்றாள். என்னுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கீழே கடையில் அம்மாவுக்கு மட்டன் றோல்ஸ் வாங்கிக் குடுத்தேன். அரைவாசி சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி என்னிடம் தந்து, "நீ தின்" என்றா. நான் தின்றேன்.

முதல் வெள்ளி தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிற ஆள் நான். அந்த மாதமும் போனேன். பிள்ளைகளில் கோபப்பட்டது, பனி கொட்டின ஞாயிறு பூசைக்குப் போகாதது, இறைச்சி தின்னக் கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மறந்துபோய்த் தொழிற்சாலையில் கோழித்துண்டு தின்றது எல்லாம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். வீட்டு விசயத்தைச் சொல்லவில்லை. கோழி பாவம். வீடு நிர்வாகம்.

இலை உதிரத் தொடங்கின காலத்தில் விண்ணப்பம் நிரப்ப ஒரு வெள்ளைக்கார மனுசி வந்தா. தலை நரைத்த, நிதானமான மனுசி. அன்றைக்கு நான் வேலைக்கு லீவு. புது உறுதியின் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசையில் ஆயத்தமாய் வைத்திருந்தேன். வரட்டும், ஒரு கை பார்ப்போம் என்கிற மாதிரி. அவ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தானாகச் சாப்பிடுவாவா, என்ன மருந்து, எந்த மதம், இரவில் எத்தனை தரம் எழும்புவா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினா. வீட்டைப் பற்றிய கேள்வி வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பேனையை மூடினா.

எனக்குப் பொறுக்கவில்லை. "மை மதர் நோ ஹவுஸ்," என்றேன். "எல்லாம் எங்கடை பேரிலை," என்று உறையை அவ பக்கம் தள்ளினேன்.

அவ அதைப் பார்த்துவிட்டு என் பக்கமே திருப்பித் தள்ளினா. வீட்டைப் பற்றி நாங்கள் கேட்கிறதில்லை என்று ஆறுதலாய்ச் சொன்னா. மாத வருமானத்தைத்தான் பார்க்கிறது, உங்கள் அம்மாவுக்கு வருமானம் குறைவு, அதற்கேற்ற மாதிரிக் கட்டணமும் குறையும், அவ்வளவுதான் என்றா.

என் சீவியத்தில் முதல் தடவையாக அரசாங்கத்து ஆள் ஒருவரிடம் கேள்வி கேட்டேன். "அவவின்ரை பேரிலை வீடு இருந்தா?"

"இருந்தாலும் கேட்கமாட்டோம்."

மனைவி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். கலியாணம் கட்டின காலத்திலிருந்து அப்படி ஒரு சந்தர்ப்பத்தை அவள் சும்மா விட்டது அதுதான் முதல் தரம். அந்த மனுசிக்குச் சீனி போட்டுக் கலக்கிக் குடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அரசாங்கம் அம்மாவின் வீட்டை எடுத்துப்போடும் என்று பயந்து பயந்து, கடைசியில் அதை எடுத்த அரசாங்கம் நானும் தம்பியும்தான். விண்ணப்பம்கூட நிரப்பவிடாமல், ஒரு நாளில் முடித்துக்கொண்டோம்.

அத்தானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அப்ப அது கனடாவின்ரை பிழை தம்பி. உங்கடை நாட்டிலை சட்டம் சரியான தளர்வு" என்றார்.

தம்பிக்குப் போன் எடுத்து, அம்மாவின் பேரைத் திருப்பிப் போடுவோம் என்றேன். "முடிஞ்ச அலுவலை ஏன் அண்ணை கிண்டுறியள்? ஞாயிற்றுக்கிழமை வாறன், கதைப்பம்" என்றான். வந்தான். கையில் ஒரு பெட்டி டோனற். அவன் டோனற் கொண்டு வருகிற ஞாயிறுகளில் எனக்கு எப்போதும் ஒரு பயம்.

"அண்ணை, நான் யோசிச்சனான். அம்மா ஹோமுக்குப் போனா உங்கள் நாலு பேருக்கும் இந்த வீடு பெரிசுதானே. வித்துப்போட்டு ஆளுக்குப் பாதி எடுப்பம். நீங்கள் அளவாய் ஒரு அப்பார்ட்மென்ற் எடுக்கலாம். எனக்கும் மார்க்கத்திலை கொஞ்சம் இறுக்கமாய்க் கிடக்கு."

"அம்மா வந்து போறதுக்கு?"

"அவவாலை படியேற ஏலாது. எங்கை வந்து போறது? நாங்கள்தானே போய்ப் பாக்கப்போறம்."

அவன் பொல்லாதவன் இல்லை. இரண்டு தூணையும் தாங்கித் தாங்கி முதுகு வளைந்தவன். ஆனால் அம்மாவின் பேர் உறுதியில் முதலாவதாய்க் கிடந்த வரைக்கும் இந்தக் கதையைச் சொல்ல அவனுக்கு வாய் வந்திருக்காது. அம்மாவிடம் போய், "உங்கடை வீட்டை விக்கப்போறன், கையெழுத்து வையுங்கோ" என்று கேட்க ஒரு துணிவு வேணும். அந்தப் பேர்தான் இவ்வளவு நாளும் வீட்டை எங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு கிடந்தது. அதைத்தான் நான் காசு குடுத்து, காரில் ஏற்றிக்கொண்டு போய் எடுப்பித்தேன். இனி அவன் பிடிவாதம் பிடித்தால் அவனுடைய பாதியை வாங்க எனக்கு வழியில்லை. அம்மா நேர்சிங் ஹோமுக்குப் போகிற நாளில் அவவுக்குத் திரும்பி வர ஒரு இடம் இருக்காது.

அடுத்த முதல் வெள்ளி வந்தது. எங்கள் பங்கில் ஒரு வயதுபோன இத்தாலிச் சுவாமி. அவருடைய இங்கிலிசும் என்னுடைய இங்கிலிசும் ஒரே வயது. கோபம், பொய், கோழி என்று நான் வழமையாய்ச் சொல்கிறதை எதிர்பார்த்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"ஃபாதர், நான் என்ரை அம்மாவின்ரை வீட்டை எடுத்துப்போட்டன்," என்றேன்.

மற்றப் பக்கத்தில் கதிரை கிறீச்சிட்டது. நிமிர்ந்து இருக்கிறார் போல.

"பலாத்காரமாகவா?"

"இல்லை ஃபாதர். லோயரைக் கொண்டு."

அவர், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொல்லு, எடுத்ததைத் திருப்பிக் குடு என்றார். அதற்குப் பதிலாக ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை மூன்று தரம் சொல்லட்டோ என்று கேட்டேன். நூறு தரம் சொல்லு, ஆனால் பதிலாக இல்லை என்றார்.

வீட்டில் ஒருவரும் இல்லாத ஒரு மத்தியானம். அம்மாவுக்குக் கஞ்சி பருக்கி வாயைத் துடைத்துவிட்டு, கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

"அம்மா, நான் சொன்னது பொய். வரிக் கரைச்சல் ஒண்டும் இல்லை. சீவிய உருத்து இஞ்சையும் எழுதலாம்."

"தெரியும்," என்றா அம்மா.

"ஆர் சொன்னது?"

"அந்த லோயரின்ரை பெட்டை. கதவைச் சாத்திப்போட்டு லோயர் அதைத்தான் முதல் கேட்டவர். 'சாகுமட்டும் இருக்கிற உருத்தை எழுதி வைக்கலாம் அம்மா, எழுதச் சொல்லட்டோ' எண்டு பெட்டை ரெண்டு தரம் கேட்டவள்."

"அப்ப ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

அம்மா வலக்கையால் போர்வையை இழுத்துச் சரி செய்தா. "நீ இல்லையெண்டு எனக்குச் சொல்லிப்போட்டுச் செபமாலையோடை வெளியிலை இருக்கிறாய். நான் உள்ளுக்கை இருந்து எழுதுங்கோ எண்டு சொன்னா, அந்தப் பெட்டை உன்னை என்னெண்டு நினைப்பாள்? பெத்த தாய்க்குப் பொய் சொல்லுறவன் எண்டெல்லோ நினைப்பாள்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"குசினிக்கை நீங்கள் கதைச்சது முழுக்கக் கேட்டது. உன்ரை அத்தானுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. சின்னவன் போன கிழமை வந்து சொன்னதும் கேட்டது." மூச்சு வாங்கினா. "ஹோமுக்குப் போறதுக்கு எனக்குப் பயமில்லை மேனை. எத்தினை சனம் போகுது. வீடில்லாமல் போறதுக்குத்தான் பயம். வீடில்லாமல் போனவையை ஆர் திருப்பிக் கூப்பிடுறது?"

நான் அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் அழவிட்டுவிட்டு, "அழுதது காணும். சின்னவனைக் கூப்பிடு" என்றா.

தம்பி வந்தான். இந்த முறை டோனற் இல்லை. அம்மா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து இருந்தா. மனைவி அம்மாவின் தலையை இழுத்துப் பின்னிவிட்டிருந்தாள்.

"எனக்குப் பேர் வேண்டாம்," என்றா அம்மா. "பேரை வைச்சு நான் என்ன செய்யிறது? சீவிய உருத்து எழுதித் தாருங்கோ. நான் இருக்குமட்டும் இந்த வீட்டை விக்கேலாது. நான் போனாப் பிறகு நடுவாலை அரிஞ்சு எடுங்கோ, நான் வந்து கேக்கமாட்டன்."

தம்பி என்னைப் பார்த்தான். "அண்ணை சொல்லித் தந்தவரோ?"

"உன்ரை அண்ணைக்கு உவ்வளவு புத்தி இருந்தா இது ஏன் நடக்குது?"

"அதில்லை அம்மா... எனக்கு அங்கை இறுக்கம். எவ்வளவு காலத்துக்கெண்டு நான்..."

அரைவாசியில் நிறுத்தினான். தான் என்ன கேட்கிறேன் என்பது அவனுக்கே அப்போதுதான் கேட்டது. முகம் செத்துப்போனது.

அம்மா பதறவில்லை. "எவ்வளவு காலமெண்டு என்னட்டைக் கேக்காதை. டாக்குத்தரைக் கேள். அவரும் சரியாய்ச் சொல்லமாட்டார்" என்றா.

தம்பி கட்டிலின் காலடியில் இருந்து, அம்மாவின் விழுந்த கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். நானும் சேர்ந்து அழுதேன். எங்கள் குடும்பத்தில் ஆம்பிளைகள் அழுகிற நேரம் பெண்கள்தான் அலுவல் பார்க்கிறது. மனைவி குசினிக்குள் போய் லோயருக்குப் போன் எடுத்து நாள் குறித்துக்கொண்டு வந்தாள்.

அதே மாடி, அதே லோயர். இவ்வளவு கெதியாய் மனம் மாறினதற்குக் காரணம் கேட்டார். இந்த முறை உள்ளதைச் சொன்னேன். லண்டன் அத்தானையும் மகாராணியையும் அந்தப் பெட்டை இங்கிலிசில் விளக்க, அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. எங்களை வெளியில் அனுப்பப் பார்த்தபோது அம்மா, "வேண்டாம், இவை ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றா. பெட்டை அந்த வரியைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அம்மா திருப்பி ஒருக்காச் சொல்லச் சொன்னா. "எனக்கு விளங்கிவிட்டுது பிள்ளை. இது இவைக்கு."

தை மாதம், பனி முழங்கால் அளவு கிடந்த ஒரு நாளில், நேர்சிங் ஹோமில் இடம் வந்துவிட்டது என்று போன் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நான் வேலையை விட்டுவிட்டு நிற்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த நேரத்தில் அது உண்மை. அடுத்த நாளும் உண்மையாய் இருந்திருக்குமோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

"விசர்க் கதை கதையாதை," என்றா அம்மா. "உன்ரை மனிசியின்ரை முதுகு நாரியைப் பார். என்னைத் தூக்கித் தூக்கி அவள் நிமிர ஏலாமல் திரியிறாள். நான் போறன்."

மாதா படத்தையும் கம்பளிச் சால்வையையும் எடுத்துக்கொண்டு போனா. கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். வீட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று நான்கூட ஒரு ஆசையோடு பார்த்தேன்.

அவ போய் மூன்றாம் கிழமை ஞாயிறு, பூசை முடிந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். தம்பியும் தானாக வந்திருந்தான். வாசல்படியில் சில்லுக்கதிரையை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தோம். அம்மா முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தா. கட்டில் இருந்தபடி இருந்தது. ஆனால் அதற்கு மேல், கடையில் மலிவு விலைக்குப் போட்டார்கள் என்று நான் வாங்கின இரண்டு அரிசி மூட்டை.

"ஆரின்ரை சாமான் உது?" என்றா.

"அரிசி அம்மா. வைக்க இடமில்லாமல்..."

"ஆரைக் கேட்டு என்ரை கட்டிலிலை வைச்சனீங்கள்?"

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான். வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பேஸ்மென்ற் படியில் இறங்கினோம்.